உரியவரிடம் சேர்ந்தது

கோவளம். 2007 ஐப்பசி, வியாழன் இரவு.

ஏழுமலையின் படகு மட்டும் இன்னும் கரைக்கு வரவில்லை. மதியம் புயல் எச்சரிக்கை வந்ததுமே மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாப் படகுக்காரர்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்பினேன். படகுகளுக்கு வயர்லெஸ் வாங்கலாம் என்றவர்களிடம், இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் இணையதளமே போதும் என்று கூட்டத்தில் அடித்துப் பேசியவன் நான்தான்.

சாயங்காலம் ஏழுமலையின் மனைவி செல்வி வந்து செல்போனை நீட்டினாள்.

"இன்னாமோ இங்கிலீஷ்ல வந்துகீதுண்ணே. படிச்சி சொல்லு."

"இது ஏழுமலை போனாச்சே?"

"உப்புத்தண்ணி பட்டா போயிடும்னு வூட்லதான வெச்சிட்டுப் போவாரு. எல்லாரும் அப்டித்தான். மத்தவங்க காத்தப் பாத்துத்தான் திரும்பிட்டாங்க."

நான் அனுப்பியதை நானே அவளுக்குப் படித்துச் சொன்னேன்: காற்று வலுக்கிறது, உடனே கரைக்குத் திரும்பவும்.

அவள் இன்னும் சங்க வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எல்லாச் செய்திகளும் உரியவரிடம் சேர்ந்துவிட்டன என்றே திரை காட்டிக்கொண்டிருக்கிறது.