விலாசம் தெரியாத ஒருத்தர்

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஆஸ்பத்திரி டோக்கன் போடுகிற எங்கள் வெப்சைட் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற என்னை இந்த ஆபீஸில் வைத்திருப்பதே திட்டு வாங்கத்தான். "டாக்டர் மேல உள்ள கோவத்தையும் சேத்து எங்கிட்டயே இறக்கிருங்க அண்ணாச்சி, பிரஷர் குறையும்" என்றேன் ஒருவரிடம். சிரித்துவிட்டு வைத்தார்.

முதலாளி பொறுக்கமாட்டாமல் எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்பப் போட்டார். அதோடு ஒருத்தருக்கும் திறக்கவில்லை.

எஞ்சினியர் ஜெய்சன் வந்து பார்த்துச் சொன்னான். முன்னால் நிற்பது லோடு பேலன்சராம். வருகிற கூட்டத்தைப் பின்னால் இருக்கிற மூன்று சர்வருக்கும் பிரித்து அனுப்புமாம். அதற்குச் சர்வர்களின் பேர் மட்டும்தான் தெரியும். விலாசத்தை டிஎன்எஸ் என்ற இன்னொன்றிடம் கேட்க வேண்டும். லோடு பேலன்சர் ஆன் ஆகி எழும்பும்போது ஒரு தடவை கேட்டு, அதையே மனதில் வைத்துக்கொள்ளும். ஒரு சர்வரை இடம் மாற்றியவர்கள் புது விலாசத்தைப் பதியாமல், பழையதையும் அழித்துவிட்டார்கள். பழைய இடத்துக்குப் போனவர்களுக்கு மட்டும் திறக்காமல் இருந்தது. முதலாளி நிறுத்திப் போட்டதும் புதிதாகக் கேட்டது. ஒரு பேருக்கு விலாசம் கிடைக்கவில்லை. எழும்பவே மாட்டேன் என்றுவிட்டது.

"மத்த ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்காவ? ஒருத்தன் விலாசம் தெரியலன்னு கடையையே தொறக்க மாட்டேன்னா என்னல நியாயம்?"

"அது அப்படித்தான்க்கா."

அந்தப் பேரை எடுத்துவிட்டான். திறந்தது. போனில் பேசிப் பேசி என் குரல்தான் போய்விட்டது.

ஜூன் 5, புதன்

ஆழ்வார்குறிச்சியிலிருந்து போன், மகள் ஜெமிமாவுக்குப் பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டார். ஜூலை கடைசியில் மாப்பிள்ளை துபாய்க்குப் போகிறார். அதற்குள் கல்யாணம் இல்லையென்றால் வேறு பெண் பார்ப்பார்கள். பைய, மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் பாக்கியசீலன் கூடங்குளத்துக்குக் காண்டிராக்ட் வேலைக்கென்று போய் நான்கு வருஷம். முதல் ஆறு மாதம் போன் வந்தது. அப்புறம் இல்லை.

அவர் அண்ணன் மெர்வின் விடவில்லை. "தகப்பன் எங்க இருக்கான்னே தெரியாம கோயில்ல ஓலை வாசிக்கவா? தம்பி வரட்டும்." மூத்தவர் சம்மதம் இல்லாமல் கல்யாண அறிவிப்பைச் சர்ச்சில் வாசிக்கப் பாதிரியார் ஐயரும் தயங்குகிறார். ஜெமிமா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இவள் என்ன தப்பு செய்தாள்?

ஜூன் 6

அவர் நம்பருக்குப் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்று, ரெக்கார்டில் பேசுகிற அதே அம்மா சொன்னாள். நீயாவது கல்யாணத்துக்கு வாம்மா என்றேன்.

ஜூன் 12, புதன்

ஜெய்சன் மாற்றி எழுதிவிட்டான். இனி ஒரு பேருக்கு விலாசம் கிடைக்காவிட்டால், கடைசியாகத் தெரிந்த விலாசத்தில் பார்க்கும். அங்கேயும் பதில் இல்லையென்றால், அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றோடு எழும்பும். வேண்டுமென்றே ஒரு பேரை அழித்து, நிறுத்திப் போட்டுக் காட்டினான். திறந்தது.

"ஒதுக்கினத அப்படியே மறந்துருமால?"

"இல்லக்கா. பேரு உள்ளதான் இருக்கும். அப்பப்ப கேட்டுக்கிட்டே இருக்கும். விலாசம் கெடச்சா தானா சேத்துக்கிடும்."

என் டீயைக் குடிக்காமலே ஆறவிட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டான். பல் வலி என்றேன்.

ஜூன் 13

மெர்வின் அத்தான் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கதையைச் சொல்லவில்லை. அதற்கும் அண்ணன் சம்மதம் உண்டா என்று கேட்பார்.

"கார்டுல அவுக பேரு இருக்கும். கூடங்குளத்துல கடைசியா இருந்த வீட்டுக்கு ஒண்ணு அனுப்புதேன். வந்தா வரட்டும். வரலன்னா கல்யாணத்தன்னைக்கு நீங்க அவ கையப் புடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போங்க."

"ஊரு என்ன சொல்லும், இன்பமணி?"

"நாலு வருசமா சொல்லுததத்தான் சொல்லும். புதுசா யோசிக்க அவுகளுக்கு ஏது நேரம், அத்தான்?"

அத்தான் எழுந்து வாசல்வரை போய்வந்தார். அப்புறம், "கோட்டெல்லாம் போடமாட்டேன், பாத்துக்க" என்றார்.

வெளியே வந்துதான் அழுதேன்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் ஓலை. "பாக்கியசீலன் மகள் ஜெமிமா" என்று ஐயர் வாசித்தார். ஒருவரும் இருமவில்லை.

ஜூன் 25

கூடங்குளம் கார்டு திரும்பி வந்துவிட்டது. ஆள் இல்லையாம்.

ஜூலை 5, வெள்ளி

நேற்றுக் கல்யாணம் முடிந்தது. மெர்வின் அத்தான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனார், கோட்டுப் போட்டுக்கொண்டு. முன்வரிசையில் யாருக்கும் நாற்காலி பிடித்து வைக்கவில்லை. கூட்டம் அப்படி. வந்திருந்தால் ஒன்று இழுத்துப் போட்டிருக்கலாம்.

கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. வீட்டில் நான் மட்டும்.

காலையில் எழுந்ததும் அவர் நம்பருக்குப் போட்டேன். அதே அம்மா. நேத்து நல்லபடியா முடிஞ்சுட்டும்மா என்று சொல்லி வைத்தேன்.