வெங்காயச் சருகு குறைகிறது

பங்குனி 4, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுட்டது. வெங்காயச் சருகை விறாந்தை நிழலில் சாக்கில் பரப்பிவிட்டுக் கம்பஸ் பஸ்ஸுக்கு ஓட்டம்.

ஆய்வுகூடத்தில் நாள் முழுக்கத் தோல்தான். உருளைக்கிழங்கு, பீற்றூட், மாதுளை. அரை, ஊறவை, வடி. ஊதாக் கரைசலுக்குள் சருகின் சாற்றைத் துளி துளியாக விட்டேன். ஊதா வெளுத்து மஞ்சளானது; உடம்புக்கு நல்ல சேர்மம் இருப்பதற்கு அடையாளம். மற்றத் தோல்களுக்கு இவ்வளவு விரைவில் இல்லை. நாங்கள் கூட்டி எரிக்கிற குப்பை! தனியே நின்று சிரித்தேன். நல்லகாலம், ஒருவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மரக்கறித் தோல்களின் பயன் பற்றி நான் பேச வேண்டுமாம். ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் சொல்லிவிட்டார். "உம்மடை ஊர்தானே. நீர் கதைச்சால் கேப்பினம்." என் உதவியாளர் வேலை தற்காலிகம். மறுக்க முடியாது.

பின்னேரம் கிணற்றடியில் வாழைகளுக்குப் பேசிப் பழகினேன். அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவினார். உடனே வாயை மூடிவிட்டேன்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனி? சொல்லன்."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். முகம் சுட்டது.

அப்பாவின் காலில் மண்வெட்டி பட்ட புண் இன்னும் ஆறவில்லை. நீரிழிவு, சீனி வருத்தக்காரர். வெள்ளி கிளினிக்.

பங்குனி 5, புதன்

சருகு குறைந்திருக்கிறது. சாக்கின் ஒரு பக்கம் வெறுமை. காற்று என்றால் முற்றத்தில் கிடக்க வேண்டும். இல்லை.

"கமலான்ரை மாடுதான் வந்து திண்டிருக்கும்," என்றார் அம்மா.

கமலா அன்ரி பக்கத்து வளவு. முந்தி எங்கள் கழுநீர் வாளி அவவின் மாட்டுக்குத்தான் போகும். தோல்களை நான் கம்பஸுக்குக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகு வாளியில் வெறும் அரிசி கழுவிய தண்ணீர். அவவுக்கு அது மனத்தாங்கல். வேலியடியில் மெல்லக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம்:

"உன்ரை ஆராய்ச்சி துவங்கின நாள் துவக்கம் அது அரைவயிறு. இப்ப களவும் அதின்ரை தலையிலையே? வெங்காயச் சருகு திண்டால் பால் நாறும். நான் கிட்டவும் விடமாட்டன். உன்ரை பூதக்கண்ணாடியாலை வேறை கள்ளனைத் தேடு பிள்ளை!"

தலையாட்டிவிட்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வாழைக்காய்த் தோல் வறை. அம்மா: "தோலிலை சத்திருக்கெண்டு கண்டுபிடிக்கச் சம்பளமும் தருகினம்."

வாங்க: பேனா, சவர்க்காரம், சட்டைக்கு ஊசி.

பங்குனி 6, வியாழன்

அரைநாள். வெக்கை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு தோட்டத்துக்கு. அவர் மறுகரையில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தாகம். அவருடைய சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து மூடியில் வார்த்தேன். நல்ல பிளேன்ரீ நிறம்.

ஒரு மிடறு. தேயிலை இல்லை. கசப்பு, பின்னால் வெங்காய மணம். போத்தலின் அடியில் சிவப்புச் சருகு.

அப்பா வந்து என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"பிடிபட்டுப்போனன்."

"எவ்வளவு நாளாக் குடிக்கிறியள்?"

"பொங்கலோடை துவங்கினது. நீ குசினிக்குள்ளை கொம்மாவுக்குச் சொல்லேக்கை யன்னலடியிலை நிண்டு கேட்டனான். சீனிக்கும் நல்லதெண்டு." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல: "பயப்பிடாதை. விக்கிற வெங்காயத்துக்கு மருந்தடிச்சது. இது வீட்டுப் பாத்தி."

வீட்டுக்கென்று பூச்சிமருந்தடிக்காத ஒரு பாத்தி எப்போதும் எங்களுக்கு உண்டு. இங்கே எல்லாருக்கும் உண்டு. ஆய்வுக்கு எனக்குத் தந்த சருகும் அந்தப் பாத்தியுடையதுதானாம். சந்தை வெங்காயத்தின் சருகில் என்னென்ன ஒட்டியிருக்கும்? சனிக்கிழமை அதையும் சொல்ல வேண்டும்.

"குளிசை போடுறியள்தானே அப்பா?"

"அது வீட்டிலை கிடக்கு," என்று திரும்பிப் பிடி கட்டத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். டொக்டர் சீனிக்குத் தந்த குளிசை அட்டைகள் உடைக்காமல் அப்படியே அடுக்கி இருந்தன. என் பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவர். டொக்டர் சொன்னதை விட்டு நான் சொன்னதைப் பிடித்திருக்கிறார்.

பின்னேரம் அவர் வந்தார், குளித்தார், சாப்பிட்டார். நான் கேட்கவில்லை. வாய்க்குள் இன்னும் அந்தக் கசப்பு.

பங்குனி 7, வெள்ளி

கிளினிக். நல்ல சனம். எங்களுக்குப் பின்னால் ஊர்க்காரர் மூவர்.

டொக்டர் ஓர் இளம் பெண். சோதனைத் துண்டைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார்.

"ஐயா, குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"

"ஓம்." அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"போட்டும் இப்பிடியெண்டால் கூட்டத்தான் வேணும். ஊசியும் யோசிக்கவேணும்."

பேனா எழுதத் தொடங்கியது. போடாத குளிசை வேலை செய்யவில்லை என்று அளவு கூடப்போகிறது. அப்பா வாய் திறப்பார் என்று பார்த்தேன். அவர் வேட்டியை இழுத்துப் புண்ணை மூடினார்.

"இல்லை," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஐயம். "அவர் போடுறேல்லை. வெங்காயச் சருகு அவிச்சுக் குடிக்கிறார். என்ரை ஆராய்ச்சியைக் கேட்டிட்டு."

பின்னால் ஒருவர்: "சருகோ!" சிரிப்பு.

டொக்டர் சிரிக்கவில்லை. பழைய அளவையே எழுதினார். "ஐயா, இதை விடக்கூடாது. புண்ணுக்கு நாளாந்தம் வந்து மருந்து கட்டுங்கோ. விட்டால் காலுக்கு ஆபத்து."

பஸ்ஸில் பக்கத்து இருக்கை. அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். வீட்டுப் படலையடியில்தான் நின்று கேட்டார்.

"நாலு பேருக்கு முன்னாலை நான் பொய்யன். அது சரி. அப்ப உன்ரை படிப்பும் பொய்யே?"

"பொய்யில்லை அப்பா. சருகிலை நல்லது இருக்கு. அது குழாய்க்குள்ளை செய்யிறதைத்தான் நான் பாத்தனான். மனிசருக்குள்ளை போய் என்ன செய்யும், எவ்வளவு குடிக்கலாம், ஆருக்குக் கூடாது, எனக்குத் தெரியாது."

"தெரியாதோ?"

"தெரியாது."

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை. குளிசை போட்டாரா தெரியவில்லை. அம்மா என்னைப் பார்க்கிறார், அவரைப் பார்க்கிறார், சட்டியைக் கழுவுகிறார்.

பங்குனி 8, சனி

பேசினேன். எழுதி வைத்தது எல்லாம் மறந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், முதல் வார்த்தையாகவே "ஒருத்தரும் குளிசையை விட்டிடாதேங்கோ" என்றேன். சனம் முழித்தது. பிறகு தடுமாறித் தடுமாறி மற்றது. தோலில் நார் உண்டு, நல்ல சேர்மங்கள் உண்டு. மருந்தடிக்காததைக் கழுவி வறையாக்கித் தின்னலாம். மருந்து என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

கமலா அன்ரி முன்வரிசையிலிருந்து: "அப்ப மிச்சத்தை என்ரை மாட்டுக்குத் தரலாமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். "வெங்காயச் சருகைத் தவிர எல்லாம் தாறன் அன்ரி." அவ்வளவு சனத்துக்கு முன்னால் பகிடி விட்டிருக்கிறேன். நானா!

அப்பா வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முடிந்து கதிரை அடுக்கும்போது யன்னலுக்கு வெளியே ஒரு கால். புதுசாகக் கட்டிய வெள்ளைக் கட்டு. நான் வெளியே போவதற்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பங்குனி 9, ஞாயிறு

வானம் மப்பு. மழை வராது.

காலையில் விறாந்தையில் ஒரு சாக்கு. வாய் கட்டியபடி. வீட்டுப் பாத்திச் சருகு, நிறைய. அப்பா தூணோடு சாய்ந்து இருந்தார்.

"எல்லாம் உனக்குத்தான். நான் கைவைக்கேல்லை."

"ம்."

"உந்த ஆராய்ச்சிக்கு முடிவு வர எவ்வளவு காலம் செல்லும்?"

"தெரியாது அப்பா. நான் மட்டும் செய்து முடியாது. பத்து வருசமும் செல்லும்."

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். அட்டை உடைகிற சத்தம். உள்ளங்கையில் குளிசையோடு வந்து நின்றார்.

"முடிவு வருமட்டும் நான் இருக்கவேணுமெல்லே. தண்ணி கொண்டா பிள்ளை. வெறும் தண்ணி."