நடிப்புக்குக் கொடுத்த பாராட்டு

அலமாரியை ஒழிக்கும்போது உன் மதிப்பீட்டுத் தாள் கையில் சிக்கியது. "நோயாளியாக நடித்தது மிக இயல்பு" என்று சிவப்பு மையில் நான்தான் எழுதியிருக்கிறேன். படித்ததும் என் மேலேயே வெறுப்பு வந்தது.

மனநலப் பிரிவில் நீ இரண்டாம் ஆண்டு பயிற்சி மருத்துவர், நான் உன் பேராசிரியை. மாதம் ஒருமுறை உன் ஊரான விருத்தாசலத்துக்கு மாணவர்களை முகாமுக்கு அழைத்து வருவோம். கூட்டம் குறைந்ததும் அங்கேயே வகுப்பு. ஒருவர் நோயாளியாக நடிக்க வேண்டும், மாணவர்கள் விசாரிக்க வேண்டும். நடிக்கச் சொன்னால் எல்லாரும் செல்போனைப் பார்ப்பார்கள். நீ மட்டும் உடனே ஸ்டூலில் போய் உட்காருவாய்.

அன்றைக்கு உன் வேடம், பக்கத்து மங்களூர் கிராமத்திலிருந்து வந்த விவசாயி மனைவி. மாணவி ஒருத்தி தலைவலி, தூக்கம் என்று சுற்றி வளைத்துக்கொண்டே இருந்தாள். சாவு என்ற சொல்லை வாயால் சொல்லவே அவளுக்குப் பயம். நேராகக் கேள், கேட்பதால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று அதட்டினேன். கேட்டாள். நீ தரையைப் பார்த்தபடி சொன்னாய்.

"தோணுதுங்க. தெனம் தோணுது. யாருகிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."

வகுப்பே கைதட்டியது. நானும்தான்.

நடித்து முடித்தவர் தன் சொந்தப் பெயரைச் சொல்லி வேடத்தைக் கலைக்க வேண்டும். பிறகு, இப்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்க வேண்டும். நான் வைத்த விதி அது. அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று உன்னைக் கேட்காமலே எல்லாரையும் ஜங்ஷனுக்கு விரட்டினேன். நீ ஊரிலேயே தங்கிவிட்டாய்.

மூன்று வாரத்தில் நீயே உன் உயிரை முடித்துக்கொண்டாய். அன்று பேசியது நடிப்பா, நீயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் அந்த விதியே இருந்தது.

துக்கத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா பீங்கான் கம்பெனிக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எங்ககிட்ட மறைச்சிடுச்சு. உங்ககிட்டயாவது எதுனா சொல்லிச்சுங்களா, டாக்டரம்மா?"

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

இப்போதும் மாதாமாதம் வருகிறேன். நடித்த ஒருவரையும் கேட்காமல் விடுவதில்லை, எத்தனை ரயில் போனாலும் சரி. மாணவர்கள் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். கூசிப்போகிறது.

முகாம் முடிந்ததும் உங்கள் தெருமுனை வரை போவேன். அன்று நான் சொன்னது பொய் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். நேராகக் கேள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிடுகிறேன்.