விரிசல் என்று எழுதினேன்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று முதன்முறையாக என் கையெழுத்தால் ஒரு லோடு நின்றது. செனாய் ஊரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில், கார் பிரேக்குக்குப் போகும் சிப் ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்திருந்தேன். திரையில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. அறிக்கையில் ‘விரிசல்’ என்று எழுதினேன்.

சீனியர் குமரன் அண்ணன் அதை அடித்துவிட்டார். “நீ பாத்தது கோடு. விரிசல்ங்கிறது உன் கதை லா. பாத்தத மட்டும் எழுது.” எங்கள் ஆய்வகத்தின் விதி அதுதான். ஆனால் கோடு என்றால் பெட்டிகள் மாலையே லாரி ஏறிவிடும். விரிசல் என்றால் நிற்கும்.

சிப்பை அடுத்த அறைக்கு எடுத்துப்போய்த் தண்ணீருக்குள் வைத்தேன். அங்குள்ள இயந்திரம் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் படம் வரையும். அதே மூலையில், அதே சாய்வில் கோடு வந்தது. ஒன்று எலக்ட்ரானால் தடவிப் பார்க்கிறது, மற்றது காதால் கேட்கிறது. இல்லாத ஒன்றைப் பற்றி இரண்டும் எப்படி ஒரே பொய்யைச் சொல்லும்?

“ரெண்டும் பேசி வச்சிருந்தா?” என்றார் அண்ணன்.

“அதுங்களுக்கு அறிமுகமே இல்லண்ணே.”

சிரித்துவிட்டு, அறிக்கையை என்னிடமே தள்ளினார். விரிசல் என்று மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அம்மா கேட்டார்: “கண்ணால பாத்தியா?”

இல்லை என்றேன். யாருடைய கண்ணும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் நான் இயந்திரத்தைப் போடுவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. இந்த மேசையிலும், எழுதுகிற இந்தக் கையிலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் எவ்வளவு இருக்குமோ.