சப்பையாக இருக்க வேண்டிய குடுவை

அன்புள்ள குட்டிமாவுக்கு,

நீ நலமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த இடத்தில் கை ஓடவில்லை. போனில் சொன்னால் நான் சொல்லி முடிப்பதற்குள் என் குரலே உன்னைப் பயமுறுத்திவிடும், அதோடு ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், அவர் காதுக்கு எதுவும் தப்பாது. குட்டிமாகிட்ட வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயைத்தானே திறக்கக் கூடாது, எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னிடம் நான் எதையும் மறைத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் அழு.

அப்பாவுக்கு வயிற்றுப்புண் என்று சொன்னது பொய். பித்தப்பையில் கல், பையையே எடுத்தாகிவிட்டது. வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு கேமரா விட்டு எடுப்பதுதான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உள்ளே பை வீங்கி ஈரலோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம், பிரித்தெடுப்பதற்குள் டாக்டருக்கே வேர்த்துவிட்டதாம். அதனால் ஒரு துளை வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, வெளி நுனியில் கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் குடுவையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார். இப்போதெல்லாம் பெரும்பாலானவர்களுக்கு இதை வைப்பதில்லை, வலிதான் மிச்சம், உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை என்றார். உள்ளே ஏதாவது கசிந்தால் தேங்காமல் வெளியே வந்துவிடும், நமக்கும் தெரியும். குடுவையைக் காலி செய்ததும் நன்றாக அமுக்கிச் சப்பையாக்கி மூட வேண்டும், அது மறுபடி விரியப் பார்க்கும்போதுதான் உள்ளே இருப்பதை உறிஞ்சும். நர்ஸ் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் மருந்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா அரைத் தூக்கத்தில் தெரியும் தெரியும் என்று தலையாட்டியிருக்கிறார்.

உனக்குத்தான் அவரைத் தெரியுமே. இத்தனை வருஷம் டயர் கடை, சப்பையாக எது கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பந்தைக்கூட விட்டுவைத்ததில்லை. குடுவையைப் பார்த்து, காத்து இறங்கிப் போச்சு, மூடி லூஸு என்று தானே முடிவு கட்டி, ஒவ்வொரு தடவையும் திறந்து அது புடைத்துக்கொண்ட பிறகு இறுக்கி மூடியிருக்கிறார். அதில் பேருக்கு நாலு சொட்டுதான் வந்தது. நானும் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், ஒண்ணும் வரலைன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தம் என்று அவரிடம் பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். நேற்றுக் காலையில் தோளில் குத்துகிறது என்றார். ஆபரேஷனில் வயிற்றுக்குள் காற்றடித்தார்கள் இல்லையா, அது இன்னும் இறங்கலை, நம்ம கடையை விட மோசமா அடிக்கிறாங்க என்று சிரித்தார். சிரித்தவரைத் தொட்டால் உடம்பு அனல், வயிறு பலகை மாதிரி. வீட்டைப் பூட்டிக்கொண்டு உடனே ஆட்டோ பிடித்தேன். இங்கே வந்ததும் நர்ஸ் குடுவையைப் பார்த்துவிட்டு, யாரும்மா இதுல காத்து விட்டது என்று கேட்டார். அப்பா கண்ணைத் திறக்காமலே, நான்தான் சிஸ்டர், சர்வீஸ் இலவசம் என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. காலி செய்து, அமுக்கி, மூடினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் பச்சையும் மஞ்சளுமாக இறங்கி வந்தது.

பித்தநீர் கசிகிறது. வாய் வழியாகக் கருவியை இறக்கி, உள்ளே பித்தம் போகிற பாதையில் ஒரு சின்னக் குழலை வைத்தால் கசிவு அடங்கும் என்கிறார் டாக்டர், நாளைக் காலையில் அழைத்துப் போகிறார்கள். இந்தக் குழாய் இருப்பதால்தான் வயிற்றைத் திறக்காமல் பார்க்கிறோம் என்றார். அதற்குள் காய்ச்சல் இறங்கினால் நல்லது என்றும் சொன்னார், அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தைப் பற்றி எத்தனை புத்தகத்தில் படித்திருப்பேன், ஒன்றுகூட இது மாதிரி இல்லை, வெட்கமில்லாமல் பசிக்கிறது. குடுவையை இப்போது யாரிடமும் கொடுப்பதில்லை. நானே அமுக்கி மூடுகிறேன், கைக்குள் அது மெல்ல விரிகிறது. வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.

இன்று மதியம் காய்ச்சல் வேகத்தில், குட்டிமா வந்துட்டியா என்று கேட்டார். வந்துட்டேன்பா என்று சொல்லிவிட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். உன்னிடம் சொன்ன பொய்யை நான் திருத்திவிட்டேன், அவரிடம் சொன்னதை நீ வந்துதான் திருத்த வேண்டும்.

வழியில் பட்டினி கிடக்காதே, மறக்காமல் போன் சார்ஜரை எடுத்துக்கொள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவளை ஆசீர்வதிக்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் என்னிடம் இருக்கிற ஆசியை உனக்கும் அவருக்கும் பாதிப் பாதியாகத் தருகிறேன், எனக்கு எதுவும் மிச்சம் வைக்கவில்லை. கிளம்பி வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
சித்தி