எனக்குச் சீனி வருத்தம் இல்லை

விபோர்க்
10.09.2025

அன்புள்ள குருசுமுத்துவுக்கு,

நீர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் நான் எடுக்கவில்லை. கோபமில்லை. இதை வாயால் சொன்னால் வரிசை குழம்பிவிடும் என்ற பயம்தான்.

உம்முடைய மகள் எமிலியாவின் கல்யாணத்தில் வாழ்த்து மடல் வாசிக்கும்போது விழுந்தேனே, அதன்பின் இன்னும் ஏழு தடவை வந்துவிட்டது. நாள், நேரம், எத்தனை நிமிடம் என்று எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் தலையில் கம்பிகள் ஒட்டி, கமராவின் முன் படுக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் வந்தது. கைகால் உதறியதாம். ஆனால் மூளையின் மின்சாரக் கோடுகளில் வலிப்பின் அடையாளம் ஒன்றும் இல்லை.

இது காக்கை வலிப்பு அல்ல, சுமை கூடும்போது மூளை கொஞ்ச நேரம் உடலின் பிடியை விட்டுவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். வலிப்பு மாத்திரை இதற்கு உதவாதாம். உளவியலாளரிடம் போகச் சொன்னார்.

"அப்ப நான் நடிக்கிறனோ எண்டு கேள் பிள்ளை" என்றேன் மகள் லக்சனாவிடம். எனக்காக அங்கெல்லாம் டேனிஷ் மொழியில் கதைப்பவள் அவள். "அதை நான் கேக்கமாட்டன் அப்பா. வேணுமெண்டால் நீங்களே கேளுங்கோ" என்றாள். கேட்டேன். டாக்டர் கதிரையை இழுத்து என் முன்னால் வந்திருந்து, "இல்லை. நீங்கள் விரும்பிச் செய்வதில்லை. இது உண்மையான வருத்தம், நோய்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே மேடைக்குப் பயந்தவன் நான். அந்தப் பயத்துக்கு ஒரு சாட்டுத் தேடினேனோ என்று என்னையே சந்தேகிக்கிறேன்.

ஒரு கேள்வி. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று உங்கள் பக்கத்தில் கதை இருக்கிறதாம். யார் சொன்னது?

அன்புடன்,
பரமானந்தம்


ஹொல்ஸ்டெப்ரோ
18.09.2025

என் பரமா,

தெரிந்துகொண்டே கேட்கிறாய். நான்தான் சொன்னேன்.

நீ மண்டபத்தில் விழுந்து கிடக்கிறாய். ஒரு பக்கம், "ஆள் குடிச்சிட்டாரோ?" இன்னொரு பக்கம், "திறப்புக் கோர்வையைக் கையில குடுங்கோ, இரும்பு பட்டால் நிக்கும்!" மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "சீனி இறங்கிட்டுது" என்றேன். உடனே எல்லோரும் அடங்கிவிட்டார்கள். எங்கட சனத்தில் அரைவாசிப் பேருக்குச் சீனிதானே. ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கினார்கள்.

நீ எழுதியது எனக்குப் பாதிதான் விளங்கியது. மனம் சம்பந்தப்பட்டது என்றால் வெளியில் விடாதே மச்சான். லக்சனாவுக்கும் கல்யாணம் பேச வேண்டும். சீனி என்றே இருக்கட்டும்.

நவம்பர் 15 எனக்கும் லூர்தம்மாவுக்கும் நாற்பதாவது மணநாள். கட்டாயம் வா. வாழ்த்து மடலை நீ எழுதித் தந்தால் போதும், மருமகன் சுகந்தன் வாசிப்பான். உனக்குப் பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இடம் வைக்கிறேன். காற்றும் வரும்.

உனக்குக் கேக் தரலாமா கூடாதா என்று லூர்தம்மா கேட்கிறாள். அவளுக்கே நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

உன்
குருசு


விபோர்க்
08.10.2025

அன்புள்ள குருசுமுத்துவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

சனிக்கிழமை இக்காஸ்ட் தமிழ்க் கடையில் எனக்கு வந்துவிட்டது. கடை வைத்திருக்கும் மரினா, "அண்ணைக்குச் சீனி இறங்கிட்டுது" என்று ஒரு கரண்டி சீனியை என் வாயில் போட்டிருக்கிறார். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மரினா அழுதுகொண்டு வந்தார். "நான் என்ன பிழை செய்தன் அண்ணை?" என்று கேட்டார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. நீர் சொன்னதை நம்பினார்.

உளவியலாளரிடம் மூன்று தடவை போயிருக்கிறேன். வருவதற்கு முன் என் வலக்கை விரல்கள் குளிர்கின்றன, சத்தங்கள் தூரப் போகின்றன. அப்போது அறையில் உள்ளவற்றைப் பெயர் சொல்லி எண்ண வேண்டும். யன்னல், கோப்பை, மேசையின் நான்கு கால். அப்படி எண்ணி ஒரு தடவை பாதியில் நிறுத்தினேன். காரணம் என்ன என்று கேட்டேன். ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்றில்லையாம். கணிதம் படித்தவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

இத்தனை வருடத்தில் உம்மிடம் நான் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை. இப்போது பிடிக்கிறேன். நீர் சொன்னதை நீரே திருத்த வேண்டும். இல்லாவிட்டால் மடல் தபாலில் வரும், நான் வரமாட்டேன். கதவுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து கைதட்ட என்னால் முடியாது. "என்ர கல்யாணத்தைச் சாட்டி ஒருத்தரும் ஒளிக்க வேண்டாம்" என்று லக்சனாவும் எழுதச் சொன்னாள்.

இப்படி எழுதியதற்கு மன்னியும். ஆனால் அழிக்கமாட்டேன்.

பரமானந்தம்


ஹொல்ஸ்டெப்ரோ
20.10.2025

பரமா,

மரினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு லூர்தம்மாவிடம் சொன்னேன். "அந்த மனுசனைக் கொல்லப் பாத்தனீங்களோ?" என்றாள்.

நேற்றுப் பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும்போது எழுந்து நின்றேன். "பரமாவுக்குச் சீனி இல்லை. நான் சொன்னது பொய். அவனுக்கு வாறது வேற வருத்தம், நடிப்பில்லை. வாயில ஒண்டும் போடாதேங்கோ" என்றேன். ஒரு பெரியவர், "அப்ப மண்டையில பிழையோ?" என்று சிரித்தார். லூர்தம்மா அவருடைய கோப்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மடலை நீதான் வாசிக்கிறாய். சுகந்தனிடமும் சொல்லியாயிற்று. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். நீ விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? உன் வழக்கப்படி வரிசையாக எழுதி அனுப்பு.

குருசு


விபோர்க்
29.10.2025

அன்புள்ள குருசு,

உமது கடிதத்தை லக்சனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோப்பி இடம் வந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம்.

விழுந்தால் பக்கத்திலுள்ள கதிரைகளைத் தள்ளும். தலைக்குக் கீழே உமது கோட்டை மடித்து வையும். கைகாலை அமத்திப் பிடிக்க வேண்டாம். மணிக்கூட்டைப் பாரும். வழமையாக மூன்று நிமிடம், சில வேளை நான்கு. அடிபட்டாலோ, மூச்சுக்குக் கஷ்டப்பட்டாலோ, நீண்டுகொண்டே போனாலோ 112-க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடும். அதுவரை மெதுவாகக் கதைத்துக்கொண்டிரும். என்ன கதை என்றாலும் பரவாயில்லை, உமது குரல் எனக்குப் பழகியது.

வராமலும் விடலாம். வந்தாலும் வரலாம். எது என்று என்னால் வாக்குத் தர முடியாது.

ஒன்றே ஒன்று. மடலை வேறு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். நான் நிறுத்திய வரியில் விரலை வைத்துக்கொண்டிரும். எழும்பி அதிலிருந்து வாசிப்பேன்.

உமது
பரமானந்தம்