என்ன வேஷம் என்று தெரியவில்லை

ஹேஸ்டிங்ஸ்,
செவ்வாய் மாலை.

அன்புள்ள பிரெண்டாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டபாடில்லை, மற்றபடி சுகம்தான். அடிலெய்டில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே.

உன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

அவர் வழக்கம் உனக்கே தெரியும். நடிப்பது நாடகமோ படமோ, என்ன வேஷம் என்று வீட்டில் மூச்சு விடமாட்டார், சொன்னால் ராசியில்லையாம். வேஷத்தை மட்டும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்து அடுக்கினால் பட்லர், என்னை ஏற இறங்கப் பார்த்தால் போலீஸ்காரர் என்று நானே ஊகித்துக்கொள்வேன். உன் கல்யாணத்தன்றும் அதே கூத்துதான். சவப்பெட்டிக்காரர் வேஷம் அப்போது. சர்ச்சில் பிணத்தோடு போகிறவர் போல உன்னை நடத்திக்கொண்டு போய், மாப்பிள்ளை கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்குங்க தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ அழுதாய். ஏழு வருஷமாக நீ அவரிடம் பேசவில்லை. உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன்.

இப்போது ஒரு மாதமாக வேறு மாதிரி இருக்கிறார். காலையில் எனக்கு டீ போட்டுத் தருகிறார். "ராத்திரி தூங்கினியா டோரிஸ்?" என்று கேட்கிறார், கேட்டுவிட்டு பதிலுக்காக நிற்கவும் செய்கிறார்! யாரோ நல்ல புருஷன் வேஷம், சீக்கிரம் முடிந்துவிடும், பழகிக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன். நேற்று உன் கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு இவளோட அப்பன் வரவே இல்ல, டோரிஸ்" என்று தேம்பித் தேம்பி அழுதார். ஒத்திகையோ என்னவோ என்று நான் பாட்டுக்கு உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தேன். பாவி நான்.

இன்று மனது கேட்காமல், அவருக்கு வேலை பிடித்துத் தரும் பெல்லமிக்குப் போன் போட்டு, இது என்ன நாடகம் என்று கேட்டேன். "நாடகமா? ரெண்டு மாசமா அவர் கையில ஒரு வேலையும் இல்லீங்களே" என்கிறார். ரிசீவரை வைத்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் என் சமையலறையில் இருக்கிற ஆள் யார்? இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. பிடித்திருக்கிறது; பயமாகவும் இருக்கிறது.

பெல்லமி இன்னொன்றும் உளறிவிட்டார். புதிதாக ஒரு படம் வந்திருக்கிறதாம், கல்நெஞ்சு ஜெயிலர் வேஷம். இவரும் சரி என்றுவிட்டாராம். அடுத்த மாதம் ஒத்திகை. அதற்குப் பிறகு இந்த மனிதர் இங்கே இருப்பாரா, திரும்பி வருவாரா, எனக்குத் தெரியாது.

நீ மன்னிக்க வேண்டாம். அதற்குள் ஒரு தடவை போன் மட்டும் செய், கண்ணே. மணி அடித்தால் நான் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். அவரே எடுக்கட்டும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

அன்புடன்,
அம்மா